கடைக்குப் போகும் முன் காரில் ஏறுங்கள்: போன் ஹோல்டர் பொருத்தும் புதியவர்களுக்கு

போன் ஹோல்டர் வாங்க நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது, கடைக்குப் போகாமல் இருப்பது. காரில் ஏறுங்கள். கதவைச் சாத்தி, ஆசனத்தை உங்கள் கால் நீளத்துக்கு நகர்த்தி, முதுகைச் சாய்த்து, ஆசனப் பட்டியையும் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஹோல்டரை எங்கே வைப்பது என்பது அப்போது தெரியும். எந்த ஹோல்டர் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரவேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படிச் செய்துதான் மூன்று ஹோல்டர்களுக்குக் காசைக் கொட்டினேன்.

திருகோணமலையில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள், கட்டுநாயக்கவுக்கு வெளிநாடு போகிறவர்கள், மட்டக்களப்புக்குக் கலியாண வீட்டார் என்று ஓட்டம் நடக்கும். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற கார்களில் வயதானவைதான் அதிகம். ஜப்பானில் ஒருவர் பாவித்துவிட்டு அனுப்பியதை நாம் ஓட்டுகிறோம். அதில் வழிகாட்டித் திரை இருந்தாலும் உள்ளே இருப்பது ஜப்பான் வரைபடம். என் டொயோட்டா விட்ஸ் கார் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னமும் ஒவ்வொரு காலையும் சாவியைத் திருப்பியதும் ஜப்பானிய மொழியில் எதையோ முறையிடுகிறது. அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லையாம். வழி பார்க்க நமக்குப் போன்தான் கதி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதைப் பொலிஸ்காரர் காணாமல் விடலாம். ஆனால் அது கையில் பிடிப்பதைவிட மோசம்.

இடம் தேடுதல்

காரை நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். வீட்டில் பொறுமையுள்ள ஒருவரைப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி, வரைபடம் திறந்த போனை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் வீதியில் தூரத்தே தெரியும் ஒரு மின்கம்பத்தைப் பார்த்தபடி இருங்கள். அவர் போனை டாஷ்போர்டில் ஒவ்வோர் இடமாகப் பிடித்துக் காட்டட்டும். தலை திரும்பாமல் கண் மட்டும் இறங்கி, அடுத்த திருப்பத்தின் அம்புக்குறியை வாசித்துவிட்டு மின்கம்பத்துக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். நாடி கீழே இறங்கினால் அந்த இடம் வேண்டாம். தோள் ஆசனத்தை விட்டு எழும்பினால்தான் விரல் திரையைத் தொடுகிறது என்றாலும் வேண்டாம்.

நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் போனைத் தொடுவது இடக்கை. வலக்கை ஸ்டியரிங்கில் இருக்க, முழங்கை சற்று மடிந்தபடியே இடக்கை விரல் எட்டக்கூடிய இடம் பெரும்பாலான கார்களில் ஒன்றுதான்: ஸ்டியரிங்குக்கு உடனே இடப்புறம், நடுவிலிருக்கும் ஏசி வாய்களில் சாரதிக்குக் கிட்டியது. போனின் மேல் விளிம்பு டாஷ்போர்டின் முகட்டைவிட ஒரு விரல் அளவு உயர்ந்தால் பரவாயில்லை. பாதிப் போன் உயர்ந்து நின்றால் அந்த அளவு வீதியை நீங்கள் இழந்துவிட்டீர்கள்.

இதற்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 2 விநாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீட்டர். 2009இல் அது திறக்கும்வரை பாதைப் படகில் ஏறி நின்று அக்கரை போனவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று சொல்லத் தேவையில்லை. திரையை 2 விநாடி உற்றுப் பார்க்கிற சாரதி அந்தப் பாலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார். காருடனேயே வரும் திரைகளுக்காக அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஒரு பார்வை 2 விநாடிக்கு மேற்படக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஹோல்டரின் முழுப் பயனே அந்த 2 விநாடியை அரை விநாடியாகக் குறைப்பதில் இருக்கிறது. இடம் பிழைத்தால் எத்தனை விலையுயர்ந்த ஹோல்டரும் அதைக் குறைக்காது.

தொடவே கூடாத இடங்கள் சில உண்டு. இடப்புற டாஷ்போர்டின் மேல் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும் பகுதியும் அதன் சுற்றுப்புறமும் காற்றுப்பைக்கு உரியவை. மோதிய கணத்தில், கண் இமைப்பதற்கு முன்பே அந்த மூடி பிளந்து பை வெடித்துக்கொண்டு வரும். அங்கே ஒட்டியிருக்கும் எதுவும் பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்குத்தான் போகும். ஸ்டியரிங்கின் நடுவும் அப்படியே. முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூணில் திரைபோல விரியும் காற்றுப்பை சில கார்களில் இருப்பதால் அதிலும் ஒட்டவேண்டாம். வலப்பக்க மூலையில் கண்ணாடியோடு வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வலப்பக்கம் திரும்பும்போது அந்தத் தூணே பாதி மோட்டார் சைக்கிளை மறைக்கிறது. மீதிப் பாதியைப் போன் மறைத்தால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

பழைய விட்ஸ், அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இவற்றில் வேகமானி ஸ்டியரிங்குக்கு நேரே இல்லை; டாஷ்போர்டின் நடுப்பக்கம் தள்ளி மேலே இருக்கிறது. வீதிக்கு மிகக் கிட்டிய, மிக வசதியான இடம் என்று நினைத்துப் போனை அங்கே வைத்தால் வேகம் தெரியாமல் போய்விடும். ஊருக்குள் 50, வெளியே 70 என்ற எல்லையைக் காலின் உணர்வால் கடைப்பிடிக்க முடியாது. என் முதல் ஹோல்டர் குப்பைக்குப் போன காரணம் இதுதான்.

அட்டைப் போன்

இடம் பிடித்துவிட்டது என்று தோன்றினாலும் இன்னும் கடைக்குப் போகாதீர்கள். பிஸ்கட் பெட்டி ஒன்றை எடுத்து, உங்கள் போனை அதன் உறையோடு மேலே வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி எடுங்கள். பெயின்ட் அடிப்பவர்கள் பாவிக்கும் காகித டேப்பால் அந்த அட்டையைத் தேர்ந்த இடத்தில் ஒட்டி, இரண்டு நாள் ஓட்டுங்கள். செலவு ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கடைக்காரரும் சொல்லாத செய்திகளை அது சொல்லும்.

எனக்கு அது சொன்னவை இவை. ஹசார்ட் விளக்கு விசையை அழுத்தப் போன கை அட்டையில் இடித்தது. ஏசியின் திருகு பாதி மறைந்தது. கியரை முன்னே தள்ளும்போது விரல் முட்டி அட்டையின் கீழ் விளிம்பை உரசியது. உவர்மலை ஏற்றத்தில் கார் மூக்கைத் தூக்கியபோது அட்டையின் மேல் விளிம்பு எதிரே இறங்கிவந்த ஓட்டோவின் கீழ்ப்பாதியை விழுங்கியது. இரண்டு விரல் அளவு கீழே இறக்கி, சற்று வலப்புறம் தள்ளியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒட்டிவிட்ட ஹோல்டர் என்றால் இதையெல்லாம் கண்டுபிடித்த பிறகும் ‘பரவாயில்லை, பழகிவிடும்’ என்று விட்டிருப்பேன்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதையும் இந்த இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நிலாவெளிப் பக்கம் போனால் வெயில் வலப்புறக் கதவால் வரும். மாலையில் ஹபரணைப் பக்கம் போனால் நேரே முகத்தில் அடிக்கும். காலையில் கன்னியாவிலிருந்து நகரத்துக்குள் வருபவருக்கும் அதே கதைதான். கறுப்புக் கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே போன் திரையை நிமிர்த்தியும் படுக்கையாகவும் பிடித்துப் பார்க்கவேண்டும். கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி வழியே சில திரைகள் ஒரு நிலையில் தெளிவாகத் தெரிந்து, மறு நிலையில் இருண்டுபோகும். எந்த நிலையில் உங்கள் திரை தெரிகிறதோ அந்த நிலையில் போனைப் பிடிக்கும் ஹோல்டர்தான் உங்களுக்கு ஏற்றது.

என்ன வகை வாங்குவது

நம் ஊருக்கு நான் முதலிடம் கொடுப்பது ஏசி வாயில் கவ்வும் வகைக்கு. குளிர்நாடுகளில் இதை வேண்டாம் என்பார்கள். அங்கே அந்த வாயால் சூடான காற்று வந்து போனைச் சுடும். இங்கே வருவது குளிர்காற்று. ஆனி ஆடியில் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் நாட்களில் அது போனுக்குக் கிடைக்கும் இலவச விசிறி.

இந்த வகையிலும் இரண்டு உண்டு. ஒன்று உடுப்புக் கிளிப்போல வில்லால் கவ்வும். மற்றது ஒரு சிறிய கொழுக்கியைத் தகட்டின் பின்னால் மாட்டி, முன்னாலிருக்கும் திருகை இறுக்கிப் பிடிக்கும். வில்லுக் கிளிப் நாளடைவில் தளர்ந்து, போனின் பாரத்தில் முன்னே தலை கவிழும். கொழுக்கி வகையையே வாங்குங்கள். ஏசி வாயின் தகடுகள் கிடையாக ஓடினால் எந்தச் சிக்கலும் இல்லை. நிமிர்ந்து ஓடினால் கொழுக்கியைச் சுழற்றிப் பூட்டக்கூடிய வகைதானா என்று பார்க்கவேண்டும். வட்டமான வாய் என்றால் அநேகமாக இந்த வகையை மறந்துவிடலாம்.

பூட்டும் முன் ஒரு தகட்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். வெயிலில் பல வருடம் வெந்த பிளாஸ்டிக் உளுத்துப்போயிருக்கும். பெரிய போனும் அதன் உறையும் சேர்ந்தால் கால் கிலோவை நெருங்கும். பள்ளத்தில் சில்லு விழும்போது அந்தப் பாரம் முழுவதும் ஒரு மெல்லிய தகட்டின் தலையில் இறங்குகிறது. அது முறிந்தால் தகடு மட்டும் தனியே கிடைக்காது; பழைய பாகம் விற்கும் கடைகளில் முழு வாயையும் தேடி அலையவேண்டும். ஹோல்டரின் முதுகில் டாஷ்போர்டில் ஊன்றிக்கொள்ள ஒரு சிறு கால் இருந்தால் பாரத்தின் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். அந்தக் கால் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

முன்கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ண வகைதான் கடைகளில் அதிகம். கணக்குப்படி இது அசையவே கூடாது. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. 7 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தின் உள்ளே காற்றே இல்லையென்றால் அதைப் பிடுங்க 38 கிலோ இழுவை வேண்டும். அப்படியிருந்தும் விழுகிறது. விளிம்பில் ஒரு மணல் துகள், கண்ணாடியில் ஒரு விரல் எண்ணெய், வெயிலில் இளகிய ரப்பர் என்று ஏதாவது ஒன்று காற்றுக்கு வழி விட்டுவிடும். உள்ளே மிஞ்சிய கொஞ்சக் காற்றும் சூட்டில் விரிந்து வெளியே தள்ளும்.

என்னுடையது விழுந்தது கந்தளாய் தாண்டி. பின்னேரம், எதிர்வெயில், வண்டி நிறையக் கட்டுநாயக்க போகிற குடும்பம். கிண்ணம் ஒரு முத்தம் கொடுத்ததுபோல் சத்தமிட்டுக் கண்ணாடியை விட்டது. போன் டாஷ்போர்டில் ஒரு முறை குதித்து, என் முழங்காலில் பட்டு, பிரேக் மிதிக்கும் தரைக்கும் நடுவே செங்குத்தாகப் போய் நின்றுகொண்டது. வீதியைக் கடக்க மாடுகள் வந்துகொண்டிருந்தன. மிதித்தேன், மிதி பாதி தூரம் இறங்கி ஏதோ கல்லில் ஏறியதுபோல் நின்றது. மிச்சத்தைக் கைப் பிரேக் பார்த்துக்கொண்டது. பின்னாலிருந்த அம்மா சற்றுப் பொறுத்து, “தம்பி, அந்தப் போனை என்னிடம் கொடுங்கள், நான் வழி சொல்கிறேன்” என்றார். கட்டுநாயக்க வரைக்கும் சொன்னார், ஓரிடத்திலும் பிழைக்கவில்லை.

கிண்ண வகைதான் வேண்டுமென்றால், நெம்பியைச் சாய்த்துப் பூட்டும் வகையாக, கை குட்டையாக இருப்பதை எடுங்கள். கை நீள நீள ஆட்டமும் கூடும்; ஆடுகிற எழுத்தை வாசிக்கக் கண்ணுக்கு அதிக நேரம் வேண்டும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒட்டி, போன் டாஷ்போர்டில் ஏறக்குறைய உட்கார்ந்திருக்கும்படி இறக்குங்கள். பின்னே பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிடாதீர்கள். பிடி தளர்ந்த கிண்ணத்தை இளஞ்சுடுநீரில் சில நிமிடம் ஊறவைத்துக் காயவிட்டால் மறுபடி மென்மையாகும். எச்சில் தொட்டு ஒட்டுவது நம் பழக்கம். அன்றைக்குப் பிடிக்கும், காய்ந்ததும் விழும்.

காந்த வகையில் ஒரு கையால் வைத்து ஒரு கையால் எடுக்கலாம். அந்தச் சுகத்துக்காகவே பலர் வாங்குகிறார்கள். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் பெரும்பாலான ஐபோன்களில் பின்புறத்திலேயே காந்த வளையம் உண்டு. மற்றப் போன்களுக்கு உறைக்குள் ஓர் உலோகத் தகட்டை வைக்கவேண்டும். அந்தத் தகடு இருக்கும்வரை வயரில்லாச் சார்ஜ் வேலை செய்யாது. காந்தம் போனின் திசைகாட்டியையும் குழப்பும்: சந்தியில் நிற்கும்போது அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் சுற்றும், கார் நகர்ந்ததும் சரியாகிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் காந்தமுள்ள போனையோ உறையையோ சட்டைப் பையில் போடக் கூடாது. அதற்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நம்மில் பாதிப் பேரின் போன் எந்நேரமும் இடது நெஞ்சில்தான் இருக்கிறது.

சிடி துளையில் செருகும் வகை, பழைய கார்க்காரருக்கு நல்ல தேர்வு. அந்தத் துளைக்கு இப்போது வேறு வேலையும் இல்லை. கோப்பை வைக்கும் குழியில் நிற்கும் வகை கண்ணை மிகவும் கீழே இழுக்கும்.

கடையில்

வகையைத் தீர்மானித்துவிட்டுப் போனால் கடையில் பத்து நிமிட வேலைதான். போனை அதன் உறையோடு கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள். கவ்வும் கைகள் பக்கவாட்டிலுள்ள ஒலி விசையையோ மின் விசையையோ அழுத்தக் கூடாது. அழுத்தினால் பயணத்தின் நடுவில் போன் தானே அணையும், அல்லது அவசர அழைப்பு எடுக்கப் பார்க்கும். சார்ஜ் துளை கீழே திறந்திருக்கவேண்டும். போனைத் திருப்பவும் சாய்க்கவும் இருக்கும் பந்து மூட்டின் வளையத்தை இறுக்கிவிட்டு, போனைப் பூட்டிய ஹோல்டரைத் தலைகீழாகப் பிடித்து நாலு உலுக்கு உலுக்குங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. போன் நழுவினாலும், மூட்டு தலை சாய்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று நம்மூருக்கே உரியது. திருகும் வில்லும் துருப்பிடிக்காத வகைதானா என்று பாருங்கள். துறைமுகத்தையும் கடலையும் மூன்று பக்கமும் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. மலிவான ஹோல்டரின் திருகு ஒரு மாரிக்குள் செம்மண் நிறமாகி, அசையாமல் இறுகிவிடும்.

ஒட்டும் வகையைப் பொருத்துதல்

டாஷ்போர்டில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டும் வகை, ஒழுங்காக ஒட்டினால் கல். ஆனால் ஒட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் அவசரத்தில் கெடுக்கிறார்கள். முதல் எதிரி டாஷ்போர்டுக்குப் பூசும் பளபளப்புத் திரவம். அதிலுள்ள சிலிக்கோன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்கவேண்டும். பிளாஸ்டிக்கின் நிறம் கெடுகிறதா என்று முதலில் மறைவான ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்த இடத்தில் விரல் வைக்கக் கூடாது.

காலை எட்டு மணிக்கு முன், டாஷ்போர்ட் தொட்டால் சுடாத நேரத்தில் ஒட்டுங்கள். அட்டைப் போன் இருந்த இடத்தில் ஹோல்டரை வைத்து, அரை நிமிடம் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். பிறகுதான் கஷ்டமான பகுதி: போனை மாட்டாமல் ஒரு நாள் பொறுப்பது. நல்ல ரகப் பசை ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பலத்தைத்தான் எட்டும். ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கும், 3 நாளில் முழுப் பலமும் வரும். ஒட்டியவுடன் போனை மாட்டி, ‘பிடித்திருக்கிறதா பார்’ என்று இழுத்துப் பார்ப்பவர்தான் மறுவாரம் கடைக்காரரைத் திட்டுகிறார். வளைந்த முகட்டிலும் சொரசொரப்பான தோல்போன்ற பரப்பிலும் இந்த வகை நிற்காது.

வயரும் வெயிலும்

திரை எரிய, வரைபடம் ஓட, கூடவே சார்ஜ் ஏற, முகத்தில் வெயிலும் அடித்தால் எந்தப் போனும் களைத்துவிடும். ஐபோனைப் பாவிக்க ஏற்ற வெப்பம் 35 பாகை வரை என்று ஆப்பிள் சொல்கிறது. அதைத் தாண்டினால் திரையை மங்கவைக்கும், சார்ஜை நிறுத்தும், கடைசியில் எச்சரிக்கை காட்டி ஓய்ந்துவிடும். மற்றப் போன்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். நம் ஊரில் பங்குனிக்குப் பிறகு வெளிவெப்பமே அதற்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே வெயில் நேரத்தில் வேகச் சார்ஜ் வேண்டாம். புறப்படும் முன் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு, வழியில் சாதாரண சார்ஜரால் தக்கவைத்துக்கொள்ளுங்கள். போன் சூடேறிவிட்டால் ஏசி வாயில் சற்று நேரம் பிடித்தால் போதும். ஐஸ் பெட்டிக்குள் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உள்ளே நீர் கோத்துவிடும். குளிர்ந்த போனைக் கோணேசர் கோவில் வாசலில் வெளியே எடுத்துப் படம் பிடிக்கப் போனாலும் கமெராக் கண்ணாடி வியர்த்து, படம் பனிமூட்டமாக வரும். இரண்டு நிமிடம் பொறுத்துப் பிடியுங்கள்.

வயரைத் தொங்கவிடக் கூடாது. சிகரெட் லைட்டர் துளையிலிருந்து கியருக்கு இடப்புறமாக ஏற்றி, டாஷ்போர்டின் இடுக்கு வழியே ஹோல்டர் வரை கொண்டுபோங்கள். ஒரு சாண் அளவு மட்டும் தளர்வாக இருந்தால் போதும். ஸ்டியரிங்கைச் சுற்றியோ கியர்த் தண்டைச் சுற்றியோ போகும் வயர் ஒருநாள் மாட்டும். வெள்ளை வயர் டாஷ்போர்டின் மேல் கிடந்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் கோடாகத் தெரியும். கறுப்பு வயர் வாங்குங்கள்.

காரை வெயிலில் விட்டுப் போகும்போது போனை ஹோல்டரிலேயே விடாதீர்கள். பூட்டிய காரின் டாஷ்போர்ட் உச்சிவெயிலில் 70 பாகையை நெருங்கும். பாட்டரி வீங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

புறப்படும் முன்

போகும் இடத்தைக் கார் நிற்கும்போதே தட்டிவிடுங்கள். குரல் வழிகாட்டலைப் போட்டு, ஒலியைக் கூட்டி, வாட்ஸ்அப் தலைநீட்டாமல் இருக்க ஓட்டுநர் நிலைக்கு மாற்றிவிடுங்கள். காட்டு வழியாகப் போவதானால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைப்பது நல்லது. இவ்வளவும் செய்தால் ஓட்டும்போது திரையைத் தொடவேண்டிய தேவை அநேகமாக வராது. வந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

முதல் ஓட்டத்துக்கு உட்துறைமுக வீதி, உவர்மலை ஏற்றம், கோட்டை வாசலுக்குள் நுழைந்து கோவில் அடிவாரம் வரை என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஏற்றமும் வளைவும் குலுக்கலும் அந்தக் கொஞ்ச தூரத்திலேயே கிடைத்துவிடும். கோட்டைக்குள் மான்கள் வீதியின் நடுவிலேயே நிற்கும். போனைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு அவை ஒதுங்குவதில்லை. நாம்தான் பார்த்துப் போகவேண்டும். திரும்பி வந்ததும் பந்து மூட்டின் வளையத்தை மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். முதல் நாளில் எப்படியும் சற்றுத் தளரும்.

இரவு ஓட்டத்துக்குத் தனியாக ஒரு தயாரிப்பு வேண்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும். யானையின் தோலில் விளக்கொளி பட்டுத் தெறிக்காது. வீதியின் இருட்டு ஓரிடத்தில் மட்டும் சற்றுக் கெட்டியாக இருப்பதுபோலத்தான் முதலில் தெரியும். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கண்ணுக்கு அந்தக் கெட்டி இருட்டு அகப்படாது. வரைபடத்தைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி, ஒளியை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். ஹபரணை வரை திருப்பமே இல்லாத நேர்வழி என்பதால் நான் அந்தத் துண்டில் திரையை அணைத்தேவிடுகிறேன். குரல் போதும்.

பராமரிப்பும் கழற்றுதலும்

மாதத்துக்கு ஒருமுறை கவ்வும் கைகளின் ரப்பரை ஈரத்துணியால் துடையுங்கள். நிலாவெளி மணல் அதற்குள் புகுந்து போனின் ஓரத்தை அரம்போல் தேய்க்கும். ஏசி வாய்த் தகட்டில் வெள்ளைக் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். அது முறிவதற்கு முந்தைய அடையாளம். கண்டால் கொழுக்கியைப் பக்கத்துத் தகட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

டேப்பால் ஒட்டியதைக் கழற்ற வேண்டி வந்தால் கத்தியை விட்டு நெம்பவேண்டாம்; டாஷ்போர்டின் தோலோடு வரும். காரை அரை மணி நேரம் வெயிலில் விடுங்கள், பசை இளகும். பிறகு மீன்பிடிக்கிற தங்கூசி (நைலோன் நூல்) ஒரு முழம் எடுத்து இரு கைவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, ஹோல்டரின் அடிக்குள் நுழைத்து, வாள் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். இரண்டு நிமிடத்தில் அறுந்து கையோடு வந்துவிடும். மிச்சப் பசையைப் பெருவிரலால் உருட்டி உருட்டி எடுத்து, கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். தங்கூசி எந்தத் தடிப்பில் வேண்டும் என்று கடையில் கேட்டால், பாரை மீனுக்குப் போடுவது என்று சொல்லுங்கள். அதைவிட மெல்லியது விரலைத்தான் அறுக்கும்.